கறுப்பு டப்பாவும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும்
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வகுப்பறைக்கு வெளியே உள்ள அறிவியலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு வாய்த்த வெளி, என் வீட்டு போர்டிகோதான். அங்கே 1998-இல் வந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது. கார்புரேட்டர் வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான் மெக்கானிக் அல்ல. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். அதனால்தான் இந்தக் கதையில் எனக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம்.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் போர்டிகோவைப் பார்த்துத் திறக்கும். கோடைக்காலம் ஒன்றில் என் மனைவி, "என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்றேன். மறுபடியும் சொன்னார். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். அடுத்த முறை கேஸ்கெட் மாற்றினார்கள். அதற்கடுத்த முறை பெட்ரோல் ஹோஸ். மூன்று முறை பணம் கொடுத்தேன், வாடை போகவில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிப் போய்விடாது. தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்கும். பூஜ்யம் டிகிரிக்கும் வெகு கீழே இருக்கும்போதே பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியைக் கொடுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் அடுப்பு. இவ்வளவும் தெரிந்த வேதியியல் ஆசிரியர்தான் "பழைய வண்டி அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழியைக் காட்டியது என் மனைவியின் தினசரிக் காலண்டர். வாடை வந்த நாள்களின் தாளைக் கிழிக்காமல் மடித்து வைத்திருந்தார். அவற்றை என் பெட்ரோல் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டேன். டேங்க் நிரப்பிய மறுநாள்களில்தான் பெரும்பாலும் வாடை. அதுவும் பிற்பகல் வெயிலில். வண்டி ஓடும்போது வாடை இல்லை. இரவு முழுக்க வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. ஆக, ஒழுகுவது பெட்ரோல் அல்ல, ஆவி. மூன்று முறை பணம் கொடுத்துத் தேடியதெல்லாம் திரவத்தின் பாதையில்!

ஆவிக்குத் தனிப் பாதை இருக்கிறது. வெயிலில் டேங்க் சூடாகும்போது உள்ளே ஆவி பெருகும். டேங்க்கை இறுக மூடினால் அழுத்தம் ஏறும். திறந்து விட்டால் ஆவி காற்றில் கலக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மக்களின் கண்ணை எரிய வைத்த புகைமூட்டத்துக்கு, எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மித் காட்டினார். 1970-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவிலும், அடுத்த ஆண்டு அந்த நாடு முழுவதிலும், டேங்க்கின் ஆவியை வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. அந்த விதிக்குக் கிடைத்த எளிய விடைதான், இதோ என் கையில் இருக்கும் இந்தக் கறுப்பு டப்பா.

இதற்குள் இருப்பது கிளர்வூட்டப்பட்ட கரி. நம் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தண்ணீர் வடிகட்டிகளுக்காகச் செய்கிறார்களே, அந்த இனம். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தொடும். டேங்க்கிலிருந்து ஒரு குழாய் ஆவியை இங்கே கொண்டுவருகிறது. கரி அதைப் பரப்பில் பிடித்து வைக்கிறது. பரப்பு கவர்தல்! ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதும் தலைப்பு. அது என் காரின் பானெட்டுக்குள் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வாரம் இதை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "சார், பஞ்சு தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருந்தா ஒரு நேரத்துல நிரம்பிடும்ல? அதை யார் சார் பிழியிறது?" என்று கேட்டார். பஞ்சு உட்கவர்தலுக்குத்தான் பொருத்தமான உதாரணம் என்று திருத்த வாய் வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். உதாரணம் பிசகு, கேள்வி மிகச் சரி. கவர்ந்ததைக் கரி திருப்பிக் கொடுக்கவும் செய்யும் என்பதை நான் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். இந்த டப்பாவுக்கு உயிரே அந்த ஒரு வரியில்தான்.

பிழிவது எஞ்சின். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை, டப்பாவின் அடியில் உள்ள துளை வழியே வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று கரியில் இருக்கும் ஆவியைக் கூட்டிக்கொண்டு எஞ்சினுக்குப் போய் எரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கூடுதல் ஆவி போனால் ஓட்டம் தடுமாறும். அதனால் நடுவில் ஒரு வால்வு: எஞ்சின் தண்ணீரின் சூட்டை உணர்ந்து, சூடேறிய பிறகே வழிவிடும்.

எங்கள் பள்ளித் தொழிற்கல்வி ஆசிரியரை அழைத்துக்கொண்டு, ஞாயிறு காலை வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். டப்பாவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரல் ஓரிடத்தில் தட்டியது. உள்ளே ஒரு திருகாணி. எங்கோ, எப்போதோ ஒருவர் அடைத்திருக்கிறார். அன்று முதல் கரி வாங்கிக்கொண்டே இருந்தது, கொடுக்க வழியில்லை. நிரம்பியபின் வந்த ஆவியெல்லாம் அடித்துளை வழியே சமையலறை ஜன்னலுக்கு!

ஆணியை எடுத்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் வண்டி இருமி இருமி நின்றது. அப்போதுதான் புரிந்தது, அடைத்தவர் காரணமில்லாமல் அடைக்கவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே குழாயில் உறிஞ்சுவிசை இருந்தது. வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை.

வால்வைக் கழற்றி, கழுவி, நன்றாக உலர வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பீக்கரில் குளிர்ந்த நீர், வெப்பநிலைமானி, ஊசியில்லாத சிரிஞ்ச், ஒரு துண்டுக் குழாய். மாணவர்கள் சிரிஞ்சால் காற்றை அழுத்தினார்கள். குளிர்ந்த நீரிலேயே காற்று தாராளமாகப் போனது. நீரைச் சூடாக்கினோம், அப்போதும் அதே. திறந்த நிலையில் இறுகிவிட்டது. பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய இன்னொரு வால்வைச் சோதித்தபோது, குளிரில் சிரிஞ்சின் தண்டு நகரவே இல்லை. நீர் சூடேறியதும் வழிவிட்டது. கைதட்டினார்கள். டப்பாவையும் குழாய்களையும் மாணவர்களைத் தொடவிடவில்லை. அவற்றில் வாய் வைத்து ஊதிப் பார்க்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

டப்பாவைத் திரும்பப் பொருத்தும் முன் வெளியில் வைத்து எடை போட்டேன். ஒரு வாரம் வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி போட்டேன். 58 கிராம் குறைந்திருந்தது. அவ்வளவு பெட்ரோல் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அந்த இரண்டு எடைகளையும் கரும்பலகையில் எழுதியபோது, பாடத்துக்கு என்னிடம் வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

உங்களில் பலர் புதிய ஸ்கூட்டர் வைத்திருப்பீர்கள். அதிலும் இப்படியொரு சின்ன டப்பா இருக்கும். பங்கில் குழாய் தானாக நின்றபிறகு "ஃபுல் பண்ணுங்க" என்று மேலும் ஊற்றச் சொல்லாதீர்கள். ஆவி வரவேண்டிய வழியில் பெட்ரோலே வந்தால் கரி நனைந்து கெட்டுவிடும்.

காலண்டர் தாளை மடித்து வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் தொடர்கிறது. இந்த ஆண்டு வெயிலில் இதுவரை ஒரு தாளும் மடங்கவில்லை.

இறுகிப்போன வால்வையும், அந்தத் திருகாணியையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். சிரிஞ்சும் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் நீங்களே அழுத்திப் பாருங்கள்.