மாவட்டத்துக்குள் இன்னொரு மாவட்டம்



பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகிவிட்டால் எங்கள் பகுதியில் வேறு பேச்சே இருக்காது. பாசிக்குடாக் கரை, வாழைச்சேனைச் சந்தை, கல்குடா ரயில் நிலையம் என்று எங்கே நின்றாலும் காதில் விழுவது இசட் புள்ளிதான். "அந்த மாவட்டத்துக்கு இவ்வளவு, நம்மட பிள்ளைக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார். "கோட்டா முறையே பிழை கா, கெட்டிக்காரனுக்குக் குடுக்கட்டும்" என்பார் இன்னொருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாவட்டக் கோட்டாவைச் சட்டம் எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்டால் இரண்டு பேருமே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கல்குடா கல்வி வலயத்தில் உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அரசியலமைப்பையும் தேர்தல் முறையையும் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்ததைவிட, பெறுபேறு வந்தபின் பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிய நாட்களில்தான் சட்டம் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாக விளங்கியது. ஆகவே இன்றைய பேச்சும் அந்த விண்ணப்பத்தைச் சுற்றியே வரும்.

முதலில் ஒரு நிபந்தனை. விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதை வாசிக்காமலே அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மலையகத்தில் இரண்டு தலைமுறை அந்த வரியைத் தாண்ட முடியாமல் நின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளிக்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவரிடம் தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குப் பத்திரம் ஏது? 1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். எஞ்சியவர்களுக்காகக் கடைசியாக ஒரு சட்டம் வந்தது 2003இல். இடையில் போனது 55 ஆண்டுகள். பல்கலைக்கழகக் கதவுக்கு முன்னால் பிரஜாவுரிமை என்றொரு கதவு இருந்ததை மறந்துவிட்டு இந்த நாட்டில் கல்வியைப் பற்றிப் பேச முடியாது, நேயர்களே.

நம் பக்கத்திலும் அந்தக் கதவு சில பிள்ளைகளுக்கு இறுகித்தான் திறந்தது. 1990இல் போரால் இடம்பெயர்ந்து காட்டோரத்தில் தங்கியிருந்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பதிவு இருக்கவில்லை. பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையன் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதற்காகக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் ஏறி இறங்கியே பாதித் தவணையைக் கழித்தான். பாடத்தில் அவன் ஒரு நாளும் பின்தங்கியதில்லை.

இனி எல்லோரும் வாதாடுகிற இடத்துக்கு வருவோம். தரப்படுத்தல். 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழியில் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழியில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும் என்றார்கள். அது அநியாயம். அதில் இரண்டு பேச்சில்லை. ஒரு தலைமுறை இளைஞரின் நெஞ்சில் அது மூட்டிய தீ எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது நடந்ததை மட்டக்களப்பில் நின்று பார்த்தால் காட்சி கொஞ்சம் வேறு. யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய இழப்பு. மட்டக்களப்புப் போன்ற மாவட்டங்களுக்கோ அது வழியைத் திறந்தது. அதுவரை மருத்துவம், பொறியியல் என்றால் எட்டிப் பார்க்கவும் முடியாதிருந்த இடத்திலிருந்து ஓரிரு பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். என்றாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் நியாயம் வேறுபடும் என்பதை ஏற்காவிட்டால் இந்த விவாதம் ஓரடியும் நகராது.

இப்போதைய கணக்கைச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிபடும். மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் மட்டக்களப்பும் ஒன்று. ஒரு துறையில் 1000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 550 இடங்கள் மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் மாவட்டத்தில் 5,26,567 பேர், நாட்டின் சனத்தொகையில் சுமார் 2.6 வீதம். ஆக, மாவட்டப் பங்காக வருவது ஏறத்தாழ 14 இடங்கள். வாகரையிலிருந்து துறைநீலாவணை வரைக்கும் எல்லாருக்குமாக அந்தப் பதினான்கு.

அந்தப் பதினான்கும் யாருக்குப் போகின்றன? இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

ஒரு முறை பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். தலைப்பு, மாவட்ட ஒதுக்கீடு நீக்கப்பட வேண்டும் என்பது. ஆதரித்துப் பேசிய அணி நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றிலிருந்து வந்தது. பிள்ளைகள் நன்றாகத் தயார்ப்படுத்தி வந்திருந்தார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற, அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை எடுத்துக்காட்டினார்கள். திறமைக்கு மாவட்டம் ஏது என்று கேட்டார்கள். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

எதிரணியில் கடைசியாக எழுந்தது ஒரு பெண் பிள்ளை, வாவிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். கையில் குறிப்பும் இல்லை. அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "எங்கட பள்ளிக்கூடத்தில சயன்ஸ் பிரிவே இல்ல. டொக்டராக வேணுமெண்டால் முதல்ல நாங்க ஊரை விட்டு வெளிக்கிட வேணும். மாவட்டத்துக்குக் குடுக்கிற இடம் எங்கட ஊருக்கு வாறதே இல்ல. அதை எடுக்கிறது எதிர்ப்பக்கத்தில இருக்கிற நீங்கதான். உங்களுக்குக் கிடைக்கிறதை ஏன் நீங்களே வேண்டாமெண்டுறீங்க?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. ஆதரித்துப் பேசிய அணியின் தலைவி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினாள். போட்டி முடிந்ததும் அவளே நேரே போய் அந்தப் பிள்ளையிடம் பேசியதையும் பார்த்தேன். நடுவர்களாக நாங்கள் யாருக்குப் புள்ளி போட்டோம் என்பது இங்கே முக்கியமில்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு வாதத்தை, எங்கள் கல்வி அதிகாரிகளே சரியாகக் கேட்டிராத ஒரு கேள்வியை, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று மேடையில் வைத்துவிட்டாள்.

நேயர்களே, வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவி எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை. வயல்பக்கம் படுவான்கரை. பெயர்போன பாடசாலைகளும் ரியூசன் நிலையங்களும் பெரும்பாலும் எழுவான்கரையில். படுவான்கரையின் பெரும்பகுதி மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்குள் வருகிறது. எங்கள் கல்குடா வலயத்திலும் அதே கதைதான். பாசிக்குடாவில் நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து வெகு தூரமில்லை கிண்ணையடித் துறை. நான் வேலை செய்த காலத்தில் அந்தத் துறையில்தான் ஆசிரியர்கள் தோணி ஏறி முறுக்கன்தீவுப் பக்கம் போவார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சோற்றுப் பார்சலும் பயிற்சிக் கொப்பிக் கட்டும் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு டீச்சர்மார் இருப்பார்கள். மாரியில் வாவி பெருகினால் தோணி போகாது. தோணி போகாத நாளில் பாடமும் இல்லை. அப்படிப் படித்த பிள்ளைக்கும் நகரத்தில் மூன்று ரியூசன் போன பிள்ளைக்கும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி.

ஆகவே என் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட ஒதுக்கீடு வேண்டும். அதை நீக்கினால் முதலில் அடிபடுவது நம் பிள்ளைகள்தான். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு, செனவிரத்ன எதிர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. சமத்துவ உரிமைக்கு அது முரணானதல்ல என்றே நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோல் போதாது. பின்தங்கிய மாவட்டம் என்று மொத்தமாகக் கொடுக்கிற அந்த 5 வீதத்தையாவது கல்வி வலயத்தின் அடிப்படையில், பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துக் கொடுக்கட்டும். இலங்கை சின்ன நாடு. அதன் வலயங்களைக் கணக்கெடுப்பது ஓர் அமைச்சுக்கு முடியாத வேலையல்ல.

"அரசாங்கத்திட்ட ஆர் சேர் கேக்கிறது?" என்று பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாய்ச் சேர்த்து இசட் புள்ளி போட்டார்கள். மாணவர்கள் வழக்கு வைத்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்து, வேறுவேறாகக் கணக்கிடச் சொன்னது. பரீட்சை எழுதிய பிள்ளைகள் அரசின் கணக்கையே திருத்த வைத்தார்கள். எல்லா மட்டத்திலும் கல்வியில் சமவாய்ப்பு என்று நமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்குப் போட முடியாத வாக்குறுதியைப் பொதுமக்கள் பேசித்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

பேசிப் பெற்ற ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இல் அந்த வளவு அகதிகளால் நிரம்பியது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களை அவர்களின் குடும்பங்கள் இன்றும் தேடுகின்றன. 2006 டிசம்பரில் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். இவ்வளவுக்குப் பிறகும் விரிவுரைகள் நடந்தன, பட்டமளிப்பு நடந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் நெஞ்சு நிமிரும்.

  

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பல்கலைக்கழக அனுமதிக் கையேடு வரும்போது பிள்ளையிடம் மட்டும் கொடுத்துவிட்டு விலகாதீர்கள். தாய் தகப்பன் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒதுக்கீட்டுப் பகுதியை ஒரு தரமாவது வாசியுங்கள். ஊர் நூலகத்தில் பத்துப் பேராகக் கூடி வாசித்தால் இன்னும் நல்லது. வலயவாரியாகக் கணக்கெடுங்கள் என்று கல்வி அமைச்சுக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் கடிதம் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை என்பதை அந்தக் கடிதத்தில் திகதியோடு குறிப்பிடுங்கள்.