சேட்டை என்ற சொல்லும் அரசாங்க அலுவலகமும்



சிறுவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்நாட்டில் இதற்குச் சட்டப் பஞ்சம் கிடையாது. 1939இல் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் வந்தது. 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. தொழிலுக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. இவற்றை ஆக்கியோரைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆனால் சட்டம் கொழும்பில் இருக்கிறது. குழந்தையோ இரத்தோட்டை மலையில் ஒரு லயத்தில் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே உள்ள வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு தோட்டத்துச் சிறுமிக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம் இருக்கிறது. பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான். ஒரே துன்பத்தை இத்தனை அந்நியரிடம் அவள் சொல்ல வேண்டும். எந்த மொழியில்?

"எனக்குச் சேட்டை செய்தார்" என்கிறாள் குழந்தை. நம்மில் எந்தத் தாய்க்கும் அதன் பொருள் புரியும், நெஞ்சு பதறும். மொழிபெயர்ப்பவருக்கு அது வெறும் குறும்பாகத் தோன்றினால், ஏட்டில் குறும்பு என்றே ஏறும். அத்தோடு வழக்கும் மெலிந்துவிடும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் யார்? அவசரத்துக்கு அழைத்துவந்த தோட்டத்துக் கிளாக்கரோ, கங்காணியோ. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அவர் உறவாக இருந்தால், குழந்தை வாயே திறக்காது. திறக்காத வாயை "முறைப்பாடு இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்றுச் சட்டம், சிறுவர் சாட்சியின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் காட்ட இடமளித்தது. நல்ல சட்டம். குழந்தை திரும்பத் திரும்பக் குமைய வேண்டியதில்லை. ஆயினும், அந்த முதல் வாக்குமூலம் பிறர் வாய்வழி வந்ததாயின், பதிவாவது குழந்தையின் சொல்லா, இடையில் நின்றவரின் சொல்லா?

நாம் சலுகை கேட்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம், வடக்கு, கிழக்குக்கு வெளியேயும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தந்தது. மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகங்களும் அதற்குள் அடங்கியவைதாம். காணிக் கடிதம் சிங்களத்தில் வந்தால் நாம் இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுக்கலாம். குழந்தையின் வேதனையை அப்படிக் கைமாற்ற முடியுமா?

இன்னொன்றும் உண்டு. 1975இல் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றபோதும், மாத்தளை, கண்டி மாவட்டங்களில் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே நின்றன. அத்தகைய தோட்டத்தில் அரசே துரை, அரசே பாதுகாவலன். பிள்ளைக் காம்பராவில் யாரை அமர்த்துகிறார்கள்? அமர்த்துமுன் அவர் நடத்தையை விசாரித்தது யார்? தோட்டத்து உத்தியோகத்தர்மீதே குறை எழுந்தால், அதனை அதே தோட்டத்துக் கந்தோரில் கொடுப்பதா? வெளியே, தமிழ் அறிந்த ஒருவரிடம் நேரே கொடுக்க வழி வேண்டும் என்கிறோம்.

2021 ஜூலையில், நுவரெலியா மாவட்டத்து டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களால் உயிரிழந்தாள். நாடே கலங்கியது. அவள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் தடுத்துக் கேட்க யார் இருந்தார்?

நம் பக்கமும் பழுது உண்டு. மிளகு பறிக்கும் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிப்பவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். கோபிக்க வேண்டாம். படித்தவர்களும் தப்பமுடியாது: நகரத்தில் நம் வீடுகளில் பாத்திரம் கழுவும் பிள்ளை யாருடைய பிள்ளை?

வருகிற மாதம் பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுக்கவிருக்கிறோம். தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரேனும் ஒவ்வொரு தோட்டப் பிரதேசத்திலும் வேண்டும். அதுவரை, தோட்டத்துடன் தொடர்பற்ற மொழிபெயர்ப்பாளரை அரசே அனுப்ப வேண்டும். ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கையெழுத்திட வாருங்கள். அதற்கிடையில் 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்தை வீட்டுக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். இரவிலும் அழைக்கலாம். அழைத்தால் தமிழிலேயே பேசுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.