சாமந்திக்கு ராத்திரி விளக்கு

நடுவர் அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட எதிரணி அண்ணன் அவர்களே, பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் ராயக்கோட்டைப் பெருமக்களே!

சாமந்தித் தோட்டத்தில் இரவு விளக்கு வருமானமா, விரயமா? வருமானமே என்று பேச வந்திருக்கிறேன். சற்று முன் எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டு வாங்கினார். "மனுஷனுக்குத்தான் தூக்கம் போச்சு, செடியையாவது தூங்க விடுங்கய்யா" என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணே, நாம குறட்டை விடுகிற நேரத்தில் சாமந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு.

இருட்டு எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. வேண்டிய அளவுக்கு இருட்டு நீண்டால் இனிப் பூக்கலாம் என்று முடிவு செய்யும். இருட்டு குறைவாக இருந்தால் இலை விடும், தண்டு நீட்டும், மொட்டுப் பக்கமே போகாது. இந்தச் சுபாவமுள்ள செடிகளைக் குறும்பகல் செடிகள் என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். 1912 வாக்கில் பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளைஞர் இதை முதலில் மோப்பம் பிடித்தார். அவர் வைத்துப் பார்த்த செடிகளில் ஒன்று கஞ்சா. நடுவர் நிமிர்ந்து உட்காருகிறார்! பதற வேண்டாம் ஐயா, கனடாவில் சட்ட அனுமதியோடு வீட்டுக்குள் அதை வளர்ப்பவர்கள் வளரும் பருவத்தில் 18 மணி நேரமும் பூக்கும் பருவத்தில் 12 மணி நேரமும் விளக்குப் போடுவது இதே கணக்கை நம்பித்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை, நமக்குச் சாமந்தி போதும்.

1918 வாக்கில் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர், கோடையில் பூக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டுக் கொட்டகையில் அடைத்துப் பார்த்தார்கள். கோடையிலேயே பூத்துவிட்டது. 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையை எடுத்துக்கொண்டார்கள். காட்டுப்பக்கம் போனால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருமே, அந்த முள்ளுக்காய்ச் செடிதான். பகலுக்கு நடுவே அதை இருட்டில் வைத்தார்கள், அது சட்டை செய்யவில்லை. நீண்ட ராத்திரிக்கு நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினார்கள், பூப்பதையே நிறுத்திவிட்டது.

பூக்கடையில் ஒருவர் நோட்டு எண்ணுகிறார். எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று என்று வரும்போது "அண்ணே, டீ சொல்லட்டுமா?" என்கிறோம். அவ்வளவுதான், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நாம் ராத்திரி 10 மணிக்குப் பல்பைப் போட்டு 2 மணிக்கு அணைக்கிறோமே, அது சாமந்தியிடம் டீ சொல்லட்டுமா என்று கேட்கிற வேலை. பன்னிரண்டு மணி நேர இருட்டு இரண்டு துண்டாகிப்போகிறது. எந்தத் துண்டும் கணக்குக்குப் போதாது. அந்தியிலேயே பல்பைப் போட்டுப் பகலை நீட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் நடுராத்திரியில் குறுக்கே வெட்டினால் குறைந்த நேரத்திலேயே வேலை முடிகிறது.

இந்த வம்பு நமக்கு ஏன் என்று அண்ணன் கேட்டார். அண்ணே, நாம் இருக்கிற இடம் அப்படி. ஓசூர்ப் பக்கம் ஆனி மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. மார்கழியில் 11 மணி 20 நிமிடத்துக்குப் பக்கம் வந்துவிடும். காம்போடு வெட்டி விற்கிற ரகங்களில் பல, மொட்டு வைக்காமல் வளர வேண்டுமானால் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பகல் கேட்கும். அந்தப் பகலை நம் சூரியன் எந்த மாதத்திலும் தருவதில்லை. அப்படியே விட்டால் நட்ட கொஞ்ச நாளில் முழங்கால் உயரத்திலேயே மொட்டு வந்து நிற்கும். முழங்கால் உயரப் பூவை யார் கொத்துக் கட்டி வாங்குவார்கள்? அதனால்தான் தண்டு நீளும் வரை விளக்குப் போட்டுவிட்டு, பிறகு அணைத்துப் பூக்க விடுகிறோம்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். நட்டு மூன்றாவது வாரம். டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து போய், பத்து ராத்திரி தோட்டத்தில் பல்பு எரியவில்லை. "பத்து நாள்தானே, செடி என்ன பஞ்சாங்கமா பார்க்கப் போகுது" என்று விட்டுவிட்டார். பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நுனியெல்லாம் பச்சை மிளகு மாதிரி மொட்டு. சித்தி வரப்பில் நின்றபடி, "பார்த்துட்டுதுங்க!" என்றாள். இந்தக் கதையை எதிரணி தன் பக்கம் இழுக்கப் பார்க்கும், விளக்கை நம்பினால் இப்படித்தான் என்று சொல்லும். நான் கேட்கிறேன், விளக்குக்குப் பலனே இல்லையென்றால், அது இல்லாத பத்து ராத்திரி எப்படி ஒரு போகத்தையே கெடுத்தது?

சரி, செலவுக்கு வருவோம், அண்ணன் அதில்தான் அழுத்தி உட்கார்ந்தார். ஒரு பேச்சுக்கு 100 பல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு நாலு மணி நேரம் எரிந்தால் ராத்திரிக்கு 24 யூனிட், மாதத்துக்கு 720. அந்தக் காலத்தில் அண்ணன் இதே மேடையில் பேசியிருந்தால் நான் எதிரணிக்கே போயிருப்பேன். இன்றைக்கு 9 வாட் எல்.இ.டி. ராத்திரிக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108. இதையும் குறைக்க வழி உண்டு. டைமர் வைத்து அரை மணிக்கு ஒருமுறை ஆறு நிமிடம் மட்டும் எரிய விட்டாலும் சாமந்தி கணக்கை மறந்துவிடுகிறது. சிவப்பு வெளிச்சமாக இருந்தால் இன்னும் நல்லது. இலையில் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவது முக்கியமாகச் சிவப்புத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பல்பை ஏனோதானோ என்று கட்டினால் அண்ணன் சொல்வதே ஜெயிக்கும். செடிக்குக் கண் நுனியில் இல்லை, இலையில் இருக்கிறது. 1930-களில் சோவியத் நாட்டில் சைலாக்கியான் என்பவர் சாமந்தியை வைத்தே இதைக் காட்டினார். நுனிப்பக்க இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகல் கொடுத்தார். மொட்டையாக நின்ற நுனி பூத்தது. ஆகவே வேலியோரத்து நிழலில் நாலு செடியின் இலைக்கு வெளிச்சம் எட்டாவிட்டால் அந்த நாலும் தனிக் கட்சி தொடங்கிவிடும்.

பூச்சி வரும் என்றார் அண்ணன். வரும், மறுக்கவில்லை. சிவப்பு விளக்குக்கு அவ்வளவாக வராது. ஜப்பானில் சாமந்தித் தோட்டங்களில் மஞ்சள் விளக்கே போட்டு அந்துப்பூச்சியைப் பறக்கவிடாமல் செய்கிறார்கள். அது இன்னும் விடியவில்லையோ, விடிந்துவிட்டதோ என்று மயங்கி உட்கார்ந்துவிடுகிறது.

இயற்கைக்கு விரோதம் என்றார். அண்ணே, நுனியைக் கிள்ளுகிறீர்களே, அது இயற்கையா? சொட்டுநீர்க் குழாயை இயற்கையா போட்டது? சாமந்தியே சீனத்திலிருந்து வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு வெளிச்சம் காட்டுவது நம் ஊர் மரியாதை.

அவர் சொன்னதில் ஒன்றுதான் என்னை உறுத்தியது. எல்லோரும் ஒரே பண்டிகையைக் குறிவைத்து விளக்கை அணைத்தால் எல்லோர் பூவும் ஒரே நாளில் வண்டியேறும், விலை கவிழும் என்றார். நிஜம். ஆனால் விளக்கே இல்லாதபோதும் ஊர்ச் சாமந்தி மொத்தமும் ஒன்றாகப் பூத்து ரோட்டோரம் கொட்டிய வருஷங்களைப் பார்த்தவர்கள்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்? அப்போது நம் கையில் சுவிட்சு கிடையாது. இப்போது மூன்று பாத்திக்கு மூன்று சுவிட்சு போடலாம், வாரம் ஒன்றாக அணைக்கலாம். ஒன்று பொங்கலுக்கு, ஒன்று தை முகூர்த்தத்துக்கு, ஒன்று சும்மா நாளைக்கு. சும்மா நாளில்தான் சில சமயம் நல்ல விலை கிடைக்கும், கமிஷன் மண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். விளக்கை அணைத்து எட்டு வாரத்தில் பூக்கிற ரகம் என்றால் பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் ஐயா, கார்த்திகை ஒன்றாம் தேதி வாக்கில் வந்து நிற்கும். அன்றைக்கு அந்தியில் தெருவெல்லாம் வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சித்தி மட்டும் ஒரு கையில் அகலோடு தோட்டத்துப் பக்கம் பார்த்து, "ஏங்க, இன்னியோட நிறுத்திடலாம்ல?" என்பாள். சித்தப்பா போய் மெயினை இறக்குவார்.