கொழுந்து தேயிலையாவது போல

(உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே வரும்போது ஒரு ஐயா என்னை நிறுத்திக் கேட்டார்: "மகன் யாழ்ப்பாணம் போயி சினிமா வேலை படிக்கப் போறேங்கிறான். அனுப்பலாமுங்களா?" அவருக்கான பதிலையே உங்கள் எல்லோருக்கும் சொல்லுகிறேன்.

சினிமா என்றால் நமக்கு நடிகர்தான் நினைவு. மலையில் பறித்த கொழுந்து அப்படியே தேயிலையா? ஃபெக்டரியில் வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து, சலித்தால்தானே தேயிலை! கமரா பிடித்ததும் பச்சைக் கொழுந்துதான். வேண்டாததை வெட்டி, முன்பின் அடுக்கி, ஒலி சேர்த்து, நிறத்தைச் சரிசெய்த பிறகே அது படம்.

இதோடு காட்சி விளைவு என்று ஒரு வேலை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கதையில் கரண்டுக் கம்பி தெரிந்தால் அதை அழிக்க வேண்டும். எரியாத லயத்தை எரிவதாகக் காட்ட வேண்டும். படம் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. பத்து வினாடிக்கு 240. கணினி உதவும், ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். அரும்பு பார்த்துக் கொழுந்து பறிக்கிற தாய்மாருக்கு அந்தப் பொறுமை என்னவென்று தெரியும்.

யாழ்ப்பாண மண்ணில் 1972இல் 'குத்துவிளக்கு' எடுத்தார்கள். அங்கே வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜா 1977இல் 'பொன்மணி' எடுத்தார். நம் தோட்டத்துக் கதையும் 1963இல் 'தோட்டக்காரி', 1975இல் வி.பி. கணேசனின் 'புதிய காற்று' என்று திரைக்கு வந்தது. ஆனால் அன்று பிலிமைக் கழுவவும் வெட்டி ஒட்டவும் கொழும்புப் பக்கத்து ஸ்டூடியோக்களைத்தான் நம்ப வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். பல படங்களின் சுருள்கள் சாம்பலாயின. படத்தை முடிக்கவும் காக்கவும் தெரிந்த பிள்ளைகள் நமக்கு ஏன் வேண்டும் என்பது இப்போது புரியும்.

இன்று அந்த வேலையெல்லாம் ஒரு கணினிக்குள் வந்துவிட்டது. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இலவசம். லத்வியா என்ற சின்ன நாட்டுக்காரர் அதை வைத்துச் செய்த 'ஃப்ளோ' படத்துக்கு 2025இல் ஒஸ்கார் கிடைத்தது.

எங்கே படிப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதியில்லாத பிள்ளைகள் மகாபொல உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பொதுவான ஊடகப் படிப்பு என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் படத்தொகுப்பும் காட்சி விளைவும் தனித்தனிப் பட்டப்படிப்புகள். அங்கே போவதென்றால் செலவு வேறு.

ஒரு எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு தாய் 'டிகிரி' என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைத்தார். மகள் கைக்கு வந்தது மூன்று மாதச் சான்றிதழ். ஈ.பி.எஃப். காசைக் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? முன்பு படித்த பிள்ளைகள் செய்த வேலையைக் காட்டுவார்களா? பதில் எழுத்தில் வராவிட்டால் காசு பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அந்த ஐயாவிடம் கடைசியாகச் சொன்னது இது: "மகனை ஃபோனிலேயே மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்து, வெட்டி ஒட்டி முடிக்கச் சொல்லுங்க. பாதியில் விட்டால் யோசிக்கலாம். விடிய விடிய உட்கார்ந்து முடித்தால் தைரியமாக அனுப்புங்க."