கட்டம் கட்டமாக ஒரு கதை



எங்கள் அப்பாயியிடம் ஒரு போர்வை இருந்தது. கிழிந்த சேலைகளிலே தாங்கக்கூடிய பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பழைய கம்பளியை வைத்துத் தைத்தது. இறப்பர் மரத்தில் பால் வெட்டிய பெண்ணின் சேலைகள் அல்லவா! பாற்கறை படிந்த இடங்கள் கறுத்துப் போயிருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மழைக்காலத்தில் அதற்குள் சுருண்டு கிடந்தபடி, ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று கேட்போம். நீலத் துண்டொன்றைக் காட்டி, "இது ஒங்க சின்னப்பாட்டி இந்தியாவுக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது" என்பார். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பாடப்புத்தகத்திலே படிப்பதற்கு முன்னர், அந்தத் துண்டில்தான் நான் அதைத் தொட்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஹரியட் பவர்ஸ் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தபோது இந்தப் போர்வை நினைவுக்கு வந்தது. 1837 இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். பருத்தி விளையும் மண். விடுதலைக்குப் பிறகு, துணியில் உருவங்களை வெட்டி, கட்டம் கட்டமாக வைத்துத் தைத்து, கட்டங்களை இணைத்துப் போர்வையாக்கினார். அவருடைய போர்வைகளில் இரண்டு இன்றும் உள்ளன. ஒன்று வொஷிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலையில்; மற்றையது பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில்.

பொஸ்டன் போர்வையில் பதினைந்து கட்டங்கள். ஆதாமும் ஏவாளும் ஒரு கட்டம், யோனா ஒரு கட்டம். இவற்றுக்கு நடுவே, 1780 மே 19 இல் பகலிலேயே இருள் சூழ்ந்த நாள். 1833 நவம்பர் 13 இல் நட்சத்திரங்கள் மழையாய்ச் சொரிந்த இரவு. 1895 பெப்ரவரியில் மனிதர்கள் உறைந்துபோன குளிர். ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிப்போன ஒரு பன்றிக்கும் இடமுண்டு! (எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.) இருண்ட பகல் அவர் பிறப்பதற்கு 57 ஆண்டுகளுக்கு முந்தியது, நட்சத்திர மழை நான்கு ஆண்டுகளுக்கு முந்தியது. கண்டவர் சொல்ல, கேட்டவர் சொல்ல, அவர் காதுக்கு வந்த செய்திகள். வேதக் கதைக்குக் கொடுத்த அதே அளவு துணியை அவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்.

மற்றைய போர்வை 1886 இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார்; பவர்ஸ் மறுத்தார். சில ஆண்டுகளின் பின் வறுமை வந்தது. பத்து டொலர் கேட்டவருக்கு ஐந்து டொலர்தான் கிடைத்தது. கொடுத்த பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே பல தடவை போய் வந்தாராம். கட்டங்களுக்கு அவர் சொன்ன விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்தார். பவர்ஸ் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னர் வெளிச்சத்துக்கு வந்த 1896 ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், தாம் வாசிக்கக் கற்றதை அவரே சொல்கிறார். நம் தோட்டத்துப் பெண்களைப் பற்றியும் எத்தனை பேர் இப்படி விசாரியாமலே எழுதியிருப்பார்கள்!

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலன், பொருநனின் ஒட்டுத் தையல் போட்ட கந்தலைக் களைந்து, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். கந்தலில் வேற்று நூல் ஓடியிருந்ததைக் கூடப் புலவர் முடத்தாமக்கண்ணியார் கவனித்திருக்கிறார். அந்த நூலை ஓட்டிய கை யாருடையது? பாணர் மரபையும் கொடைச் சிறப்பையும் பல ஆண்டுகள் படிப்பித்த நான் இதை ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்க எனக்குத் தகுதியும் இல்லை. லயத்துக் காம்பராவை விட்டு நாங்கள் வெளியேறிய அன்று, புது வீட்டுக்கு இது எதற்கு என்று அப்பாயியின் போர்வையைக் குப்பையில் போட்டவன் நான்தான். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பாடல்களையாவது சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்துத் தந்தார். துணியை யார் தொகுப்பது? சென்ற தவணை பத்தாந்தர மாணவிகளிடம், வீட்டிலே கேட்ட ஒரு சம்பவத்தை ஆளுக்கொரு கட்டமாகத் தைத்து வரச் சொன்னேன். காமன் கூத்து வந்தது. பேரட்டுக் களம் வந்தது. ஒருத்தி, புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் 2016 மே மாதம் நேர்ந்த மண்சரிவைத் தைத்திருந்தாள். தாய் சொல்லக் கேட்டதாம். மேலே பச்சைத் துணி, நடுவிலே சரிந்து இறங்கும் செம்மண் நிறத் துணி. கீழே வெறும் வெள்ளை.

"இந்த இடத்தை ஏன் பிள்ளை சும்மா விட்டாய்?" என்று கேட்டேன்.

"அங்கதான் சேர் லயம் இருந்திச்சு."