சிறு குவளை என்னும் சொல்

 

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசவே நாம் இங்கு நிற்கின்றோம். உயிரியல் நூல்களில் அரிதாகக் காணப்படும் அச்சொல் 'காலிக்கிள்' என்பதாகும். செடியிலாயினும் விலங்கிலாயினும், சிறு கிண்ணம் போன்ற அமைப்பிற்கு இப்பெயர் இடுவர். விழா நாளில் இச்சொல் எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். நம் வீடுகளிலிருந்து முதன்முதலாக அறிவியல் வகுப்பிற்குச் செல்லும் பிள்ளைகள் பலர், பாடத்தைக் கண்டு அஞ்சுவதைவிடப் பெயர்களைக் கண்டே மிகுதியும் அஞ்சுகின்றனர். அயல்மொழிப் பெயர்கள் நிறைந்த பக்கத்தைப் பார்த்ததும், இது நமக்குரியதன்று என்று புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அவ்வாறு மூடப்பட்ட புத்தகத்தில் ஒன்றையேனும் இன்று திறந்து பார்ப்போம்.

இலத்தீன் மொழியில் 'காலிக்ஸ்' என்றால் குடிக்கும் குவளை. அதன் சிறுமை வடிவமே 'காலிகுலுஸ்', அதாவது சிறு குவளை. ஏறத்தாழ இதே ஒலியுடைய கிரேக்கச் சொல் வேறொன்று உண்டு. அது பூமொட்டை மூடியிருக்கும் உறைக்குப் பெயர். புல்லி வட்டம் என்று நாம் படிப்பது அதனையே. ஒலி ஒத்திருந்தமையால் இவ்விரண்டையும் அறிஞர் பெருமக்களே ஒன்றோடொன்று கலந்து எழுதிவிட்டனர். பெயரிட்டவர்களே தடுமாறிய இடத்தில், படிக்கும் பிள்ளை தடுமாறுவதில் வெட்கமென்ன? நம் தமிழிலும் குவளை என்பது குடிகலத்திற்கும் பெயர், நீரில் பூக்கும் மலருக்கும் பெயர்.

பருத்திப் பூவின் புல்லி வட்டத்திற்கு வெளியே மூன்று அகன்ற பசுஞ்செதில்கள் மற்றொரு கிண்ணம்போல் சூழ்ந்திருப்பதைப் பருத்திக் காட்டில் வேலை செய்த நம் தாய்மார்கள் நன்கறிவர். அதனையும் சிறு குவளை என்றே தாவரவியலார் குறித்தனர். நாவிலுள்ள சுவை மொட்டுக்கும் உடற்கூற்று நூல்களில் இதே இலத்தீன் பெயர் உண்டு.

எனினும் இச்சொல் சிறப்பாகப் பொருந்துமிடம் பவளமே. பவள உயிரி மிகச் சிறியது. பலவகைப் பவளங்களில் அது சில மில்லிமீட்டர் அகலமே உடையது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதனுள் வாழ்கின்றது. வளருந்தோறும் சற்றே மேலெழுந்து, தன் அடியில் புதுத் தளம் அமைத்துக்கொள்கின்றது. இங்ஙனம் கிண்ணத்தின்மேல் கிண்ணமாகத் தலைமுறை தலைமுறையாக எழுந்தவையே கடலுக்குள் நாம் காணும் பவளப் பாறைகள்.

இவ்வுயிரி செடியா, விலங்கா? இத்தாலி நாட்டு மார்சிலி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செம்பவளத்தை நீரிலிட்டுப் பார்த்தார். எட்டு இதழுடைய வெண்பூக்கள் விரிந்தன. ஆகவே பவளம் செடியே என்று முடிவு கட்டினார். பிரெஞ்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் பெய்சொனல் 1720களில் அதே 'பூக்களை'ப் பொறுமையுடன் கவனித்தார். அவை இரையைப் பற்றும் கைகள் என்றும், பவளம் விலங்கினமே என்றும் எழுதினார். பாரிசு நகர அறிவியல் கழகத்தார் அதனை ஏற்கவில்லை. அங்குச் செல்வாக்குடன் இருந்த ரியோமூர், இக்கருத்து நகைப்பிற்கு இடமாகும் என எண்ணி, அதனை உரைத்தவர் பெயரையே மறைத்துக் கழகத்தில் எடுத்துரைத்தார். அவரை நாம் அவ்வளவு எளிதில் மன்னிப்பதற்கில்லை. 1740களில் திரம்பிளே என்பவர் நன்னீரில் வாழும் ஹைட்ரா விலங்கே என்று காட்டிய பிறகே பெய்சொனல் கூறியது மெய்யென்று தெளிந்தனர். அவருடைய ஆய்வுரையின் சுருக்கம் 1750களில் இலண்டன் அரச கழக ஏட்டில் இடம்பெற்றது. மொட்டின் பெயரும் கிண்ணத்தின் பெயரும் இவ்வுயிரியின்மேல் ஒருங்கே நின்றுவிட்டது பொருத்தம்தான்!

இக்கிண்ணங்கள் நமக்குத் தொலைவிலும் இல்லை. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் ஆண்டாண்டாகப் பாறைகளை வெட்டி எடுத்தனர். 2 தீவுகள் நீரில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. வெட்டுதல் நின்றும் இடர் நீங்கவில்லை. பவளத்தின் உடலுள் வாழ்ந்து அதற்கு உணவளிப்பவை நுண்பாசிகள். கடல்நீர் மிகுதியாகச் சூடேறினால் அவை வெளியேறுகின்றன, பவளம் வெளிறுகின்றது. வெப்பம் நீடித்தால் உயிரி மடிந்து, வெறுங்கிண்ணமே எஞ்சுகின்றது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வெளிறல் நேர்ந்தது.

இளைஞர்களே, கடற்கரைக்குச் சென்றால் அங்கு ஒதுங்கிக் கிடக்கும் பவளத்தை எடுத்து வராதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் பள்ளி ஆய்வகத்தின் அலமாரியில் பழைய பவளத் துண்டு ஒன்று இருக்கக்கூடும். ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிண்ணத்தினுள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள் நிற்கும். அவை ஆறின் மடங்காக வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் எமக்குச் சொல்லுங்கள்.