திரையில் வரும் பூதத்தை நம்புவது எப்படி?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் வரும் ராட்சத விலங்குகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிறுவர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். மகிழ்ச்சியே. ஆனால் முதலில் சிறிது கணக்கு.

ஒரு விலங்கை எல்லாப் பக்கத்திலும் 10 மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை 1000 மடங்காகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் ஆகும். அவ்வெலும்பு அவ்வுடலைத் தாங்காது. 1638-ஆம் ஆண்டு நூலிலேயே கலிலியோ இதனை விளக்கிவிட்டார். அவர் தீர்ப்புப்படி, திரையில் உலவும் பூதங்கள் எழுந்து நிற்கவே இயலாது. ஆயினும் நாம் நம்புகிறோமே, ஏன்?

1933-இல் வெளிவந்த 'கிங் காங்' படத்தில் வில்லிஸ் ஓபிரையன் குழுவினர் சிறு பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுத்தனர். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். பொம்மையைத் தொட்ட விரல்கள் மயிரைக் கலைத்தன. காற்றின்றியே அது அலைகிறது. குறைதான். சினத்தால் மயிர் சிலிர்க்கிறது என்று நம் மனம் தானே சமாதானம் கூறிக்கொள்கிறது!

'கோட்ஜிலா'வின் கதை வேறு. 1954 மார்ச்சு முதல் நாள் அமெரிக்கா பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் செப்டம்பரில் மாண்டார். நவம்பரில் படம் வந்தது. அதன் தொடக்கமே, கடலில் ஒளி பாய்ந்து எரிந்து மூழ்கும் ஒரு கப்பல்.

பூதத்தின் உள்ளே இருந்தவர் ஹரூவோ நகஜிமா என்ற நடிகர். கனத்த உடையை அணிந்து பொம்மை நகரத்தை மிதித்தார். காமிராவை விரைவாக ஓட்டிப் படம் பிடித்ததால், திரையில் அவர் நடை மெதுவாகி, மலை நகர்வது போன்ற கனம் பெற்றது. அந்தக் கர்ச்சனையோ, பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய நரம்பிசைக் கருவியின் தந்திகளைத் தேய்த்து எழுப்பியது.

இத்தனையும் அறிந்த பின்னும் நாம் அஞ்சுவது எவ்விடத்தில்? பூதமே இல்லாத காட்சியில்! மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவியை நீட்டுகிறார்கள். அது ஒலிக்கிறது. நீட்டியவர் தலையை அசைக்கிறார்; அவ்வளவே. ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பின் ஒன்பதே ஆண்டுகள் கடந்திருந்த ஜப்பானில் அதைப் பார்த்தவர்கள் ரப்பர் உடையின் மடிப்புகளையா எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

இன்று கணிப்பொறி எதையும் வரைந்துவிடுகிறது. ஒவ்வொரு செதிலும் மின்னுகிறது. நாமோ கொட்டாவி விடுகிறோம். 1993-இல் 'ஜுராசிக் பார்க்'கில் கோப்பைத் தண்ணீர் நடுங்கியபோது, விலங்கு வருமுன்பே நாற்காலியை இறுகப் பற்றினோம். அந்த நடுக்கத்துக்குப் பயன்பட்டது ஒரு கித்தார்த் தந்தி!

ஐயமுடைய அன்பர்கள் 1954-ஆம் ஆண்டுப் படத்தை ஒருமுறை பாருங்கள். முன்வரிசைச் சிறுவர்களை உடன் அழைத்துச் செல்வதா என்பதை அவர்களுடைய தாய்மார்களே முடிவு செய்வார்களாக.